படத்தில் என்னைக் கொன்றுவிட்டார்கள்

14 ஜூன் 1998, ஞாயிறு

தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மன்னி பத்திரிகையும் கையுமாக வந்தாள். "ஜெயா, நம்ம வெங்கிடேஷோட கதை சினிமாவாறதாம்டி. ஷூட்டிங் இங்க கொச்சில, நம்ம மட்டாஞ்சேரிலயாக்கும்."

வேலை கிடைத்ததும் வந்து பெண் கேட்கிறேன் என்று மெட்ராஸ் போன வெங்கிடேஷ். அப்போது எனக்கு இருபது வயது. இப்போது காதோரம் நரை.

பாலக்காட்டு வரனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மனைவியை இழந்தவர், நல்ல மனிதர் என்கிறார்கள். அண்ணா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருக்கட்டும். வெங்கிடேஷ் வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

17 ஜூன்

கதையைத் தேடிப் படித்தேன். கதாநாயகி மசாலாக் கம்பெனியில் டைப்பிஸ்ட், என்னைப்போல. காப்பிக்குச் சர்க்கரை போடமாட்டாள், என்னைப்போல. மூன்றாம் பக்கத்தில் டைபாய்டு வந்து செத்துப்போகிறாள். எனக்கு ஜலதோஷத்துக்கு மேல் ஒன்றும் வந்ததில்லை!

அப்புறம் ஒவ்வொரு மழைக்காலமும் நனைந்தபடி படகுத்துறைக்குத் திரும்பி வருகிறாள். காதலன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். அவன் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் காத்திருக்கிறான்.

காத்திருந்தது யார்?

ஆனாலும் காப்பி வரை ஞாபகம் வைத்திருக்கிறாரே. வெட்கமில்லாமல் இப்படியும் நினைக்கிறேன்.

2 ஜூலை

நாளைக்கு ஷூட்டிங். ஆபீசுக்கு லீவு சொல்லியாயிற்று. பச்சைப் புடவையை இஸ்திரி போட்டேன்.

3 ஜூலை, வெள்ளி

கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று தெருப் பெண்களை அழைத்தார்கள். பச்சை ஆகாது என்று ஒரு மங்கல் புடவை கொடுத்தார்கள். அவளுடைய சாவுக் காட்சி. "சேச்சி, நல்லோணம் கரையணே" என்றான் உதவியாளன். நன்றாக அழ வேண்டுமாம். அது கஷ்டமாக இல்லை.

காட்சி முடிந்தும் அவளாக நடித்த நடிகையை எழுந்து போக விடவில்லை. செத்தவளாக நடித்தால் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். இல்லாவிட்டால் நிஜமாகவே ஏதாவது ஆகிவிடுமாம். பாடையில் உட்கார்ந்து அவள் பல் தெரியச் சிரித்தாள்.

அப்போதுதான் வெங்கிடேஷ் வந்தார், குடையும் மனைவியுமாக. "ஜெயாதானே? ஒண்ணும் மாறலையே நீ."

"என்னை எதுக்குக் கொன்னேள்?" விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"நீ உயிரோட இருந்தவரைக்கும் கதை நகரவே இல்லை. என்ன பண்ணச் சொல்றே? செத்தப்பறம் தானா எழுதிண்டு போயிடுத்து." சிரித்தார். "சரி, உனக்கு எத்தனை குழந்தைகள்?"

ரெண்டு என்றேன்.

நான் காத்திருப்பேன்னு அவனுக்குத் தோணவே இல்லை. ஒரு தரம்கூட. படத்துல மட்டும் காத்திண்டிருக்கானாம், பெரிய மனுஷன்! அந்தப் பொண்ணைச் சிரிக்கச் சொல்ல அங்க நாலு பேர் இருந்தா. எனக்கு யார் இருந்தா? பாழாப்போறவனே —

4 ஜூலை

மன்னி நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாள். அண்ணாவிடம் பாலக்காட்டு வரனுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

21 பிப்ரவரி 1999, பாலக்காடு

அந்தப் படம் இங்கே வந்திருக்கிறது. யார் கதை என்று தெரியாமல் இவர்தான் டிக்கெட் வாங்கி வந்தார்.

அவள் சாகும்போது தியேட்டரே அழுதது. இவர் அழவில்லை. அவள் நனைந்துகொண்டு படகிலிருந்து இறங்கினபோதுதான் அழ ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை.

வெளியே வந்து, "சுபாஷிணி ஒரு தரம்கூட வரலையே, ஜெயா" என்றார். முதல் மனைவி.

என் பக்கத்தில் இருப்பவரும் செத்தவளுக்காகத்தான் அழுகிறார். ஆனால் இவர் பொய் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை உட்காரச் சொன்னேன். யாரும் பார்க்காமல் அழட்டும் என்று.