முப்பத்தேழுக்கு எதிரே ஒரு டிக்

இன்று காலை ரேஷன் கார்டைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் கலைத்தபோது அந்தப் பரீட்சை அட்டை கிடைத்தது. கிளிப்பைத் திறந்தேன். இடுக்கிலிருந்து கொஞ்சம் மணல் உள்ளங்கையில் உதிர்ந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய பெசன்ட் நகர் மணல். உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும்.

1. கேரவனில் கடற்கரை பார்க்கும் யோசனை உன்னுடையது.
2. நேர அட்டவணை என்னுடையது.
3. உன் எண்ணுக்குக் குரல் கொடுத்தது பன்னிரண்டாம் எண்காரன்.
4. டிக் போடும்போது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எழுபது தாண்டியாச்சு. சினிமாக்காரன் மாதிரி ஒரு நாளாவது கேரவன்லேர்ந்து இறங்கணும்டா" என்றாய். கல்லூரித் தோழர்கள் ஒன்பது பேர் மயிலாப்பூர் குளத்தருகே ஏறினோம். பழைய வகுப்பு எண்களைச் சொல்லித்தான் ஆஜர் எடுக்கவேண்டும் என்று எல்லோரும் பிடிவாதம் பிடித்தீர்கள். எண் பட்டியல் செருகிய அட்டையோடு டிரைவர் பக்கத்தில் நின்றேன். என் சொல்லுக்கு எட்டுப் பேர் கட்டுப்படுவது எனக்குப் புதிது. அது விளையாட்டுதான் என்றாலும் பிடித்திருந்தது.

கலங்கரை விளக்கம், சாந்தோம் முடிந்து பெசன்ட் நகர் வந்தபோது உச்சி வெயில். இருபது நிமிடம் என்று அறிவித்தேன்.

"கடல் என்ன எக்ஸிபிஷனாடா, சுத்திப் பார்த்துட்டு வெளியே வர? இன்னும் பத்து நிமிஷம் குடு."

"அட்டவணையில இடமில்லப்பா."

"சூப்பர்வைசர் உத்தரவு! எல்லாரும் பேப்பரைக் கட்டுங்க!" என்று கத்திவிட்டு, போனைச் சார்ஜில் போட்டாய். செருப்பைக் கையில் பிடித்தபடி படகுகள் பக்கம் நடந்தாய். உன் முதுகைப் பார்த்தது அதுதான் கடைசி.

கல்லூரியில் உனக்காக ஒரே ஒருமுறை நடுங்கும் குரலில் ஆஜர் சொல்லி நான் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? அன்று மாலை சிரித்துக்கொண்டே சொன்னாய்: "என் நம்பருக்கு ஒரு குரல் கேட்டா போதும்டா, நான் அங்க இருக்கேன்னுதான் அர்த்தம்."

இருபது நிமிடம் கழிந்து எல்லோரும் ஏறியதும், வண்டியில் உன் எண்ணைக் கூப்பிட்டேன்: "முப்பத்தேழு." பின் சோபாவிலிருந்து உன்னைப் போலவே இழுத்து, "பிரசன்ட் சாஆர்!" எல்லோரும் சிரித்தார்கள். குரல் பன்னிரண்டுடையது. டிக் விழுந்தது. வண்டி கிளம்பியது.

நீலாங்கரையில் மறுபடியும் அதே எண், அதே குரல், அதே சிரிப்பு. "போதும்ப்பா, டாய்லெட்லேர்ந்து அவனை வெளியே வரச் சொல்லு" என்றார் யாரோ. கதவைத் திறந்தோம். உள்ளே நீ இல்லை. வண்டியைத் திருப்பச் சொன்னேன். திரும்பி வரும்போது திருவான்மியூர் சிக்னலில் நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம்.

படகின் நிழலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். மீன் விற்கும் அம்மா ஒருவர் தன் துண்டை உன் முகத்தில் போட்டிருந்தார்.

"உங்க ஆளா நைனா? வண்டி வரும், வண்டி வரும்னு ரோட்டையே பாத்துக்கினு குந்திக்கினு இருந்தாரு. அப்பால நெஞ்ச புட்சிக்கினாரு. தண்ணி குட்த்தேன், எறங்கல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கீது, இன்னும் வர்ல." என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "இன்னா நைனா, ஆள எண்ணி ஏத்திக்கினு போவமாட்டீங்களா?"

உன்னை எரித்த அன்று பன்னிரண்டு மயானத்தின் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டைவிட்டே வெளியே வருவதில்லை. ராயப்பேட்டையில் அவன் வீட்டுக்கு மூன்றுமுறை போனேன். மூன்றுமுறையும் அவன் மனைவிதான் கதவைத் திறந்தார். "யாரையும் பார்க்கறதில்லைங்க. 'நான்தான் குரல் குடுத்தேன், என்னாலதான் செத்தான்'னு அதையே சொல்லிட்டு இருக்கார்." உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். சொல்லவேண்டியது அதுவல்ல என்று மூன்றுமுறையும் தெரிந்திருந்தது.

நாளை நான்காம் முறை போவதற்காக அட்டையைத் துணிப்பையில் வைத்திருக்கிறேன். போவேனா என்பதில் எனக்கே நம்பிக்கையில்லை. அதனால் அவனிடம் சொல்லவேண்டியதை முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

நான்காவது குறிப்பு தவறு. நான் நிமிர்ந்து பார்த்தேன். உன் இருக்கை காலியாக இருந்தது. சார்ஜரில் உன் போன் மட்டும் இருந்தது. டாய்லெட்டில் இருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கே என்று கேட்டால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். ஏற்கெனவே பதினோரு நிமிடம் தாமதம். பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டேன்.