மணல் நிறைத்த தீப்பெட்டிகள்

1912 ஜூன் 4, செவ்வாய்

உளுந்து காயப்போட்டேன். மூட்டு வலி.

மகன் நேசையா வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டினது போதவில்லை. சீமையில் யாரோ துரை எழுதினதைப் படித்துவிட்டு, சாயங்காலம் தெருப் பிள்ளைகளையும் தன் மகளையும் நடுவீட்டில் உட்காரவைத்துச் சோதிக்கிறான். மணல் நிறைத்த தீப்பெட்டிகளில் எது கனம்? ஆர்மோனியத்தில் எந்தச் சத்தம் மேலே? அப்புறம் கணக்கு, வேதவசனம். மடியில் பிரம்பு. பிள்ளைகளா, சந்தை மாடுகளா?

ஜூன் 7, வெள்ளி

எழுதவே கை கூசுது. சாப்பாட்டில் சொல்லுதான்:

"அம்மா, ஒண்ணுல தேறுத பிள்ளை எல்லாத்திலயும் தேறுது. ஒண்ணுல விழுதது எல்லாத்திலயும் விழுது. அப்போ அடியில கண்ணுக்குத் தெரியாத ஒரே சக்திதான் இருக்கு. அதுதான் புத்தி. நம்ம இன்பமணிக்கு அது கம்மி. ட்ரெயினிங் பள்ளிக்கூடம் வேண்டாம், கட்டிக்குடுத்துருவோம்."

பெற்ற மகளை! மோரை ஊற்றிக்கொண்டே! சீ. டீச்சரம்மா ஆக வேண்டுமென்று கிடக்கிற பிள்ளை, அடுப்படியில் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். நான் அஞ்சாம் வகுப்புதான். என் பேத்தியைப் புத்தி கம்மி என்று எவனும் சொன்னதில்லை. இவன் சொல்லுதான்.

ஜூன் 8

அவனோடு பேசவில்லை.

ஜூன் 10, திங்கள்

அவன் சபைக்கூட்டத்துக்குப் போனதும் தீப்பெட்டிகளை எடுத்தேன். எடையை அடியில் எழுதித்தான் வைத்திருக்கிறான். இன்பமணி அத்தனையும் சரியாகச் சொன்னாள். ஆர்மோனியமும் சரி. கணக்கு டக்கென்று.

"ஏட்டி, அங்கன ஏன் சொல்லல?"

"அப்பா எதிர்ல இருந்தா காது அடைச்சிருது ஆச்சி. கையும் மரத்துப்போவுது."

பக்கத்து வீட்டுச் சாலோமியும் அப்படியே. அவனிடம் எல்லாத்திலும் விழுந்தவள், என்னிடம் எல்லாத்திலும் தேறினாள்.

ஜூன் 11

கேட்டுவிட்டேன். "ஏலே, அடியில ஒண்ணு இருக்குன்னியே, நெசந்தான். ஆனா அது புத்தியில்ல, பயம். உன்னைக் கண்டு பயப்படாத பிள்ளை எல்லாத்திலயும் தேறுது. பயந்தது எல்லாத்திலயும் விழுது."

"உங்களுக்கு இதெல்லாம் விளங்காதும்மா."

"நாளைக்கு நான் சோதிக்கேன். நீ வெளிய நில்லு."

ஜூன் 12, புதன்

ஜன்னலுக்கு வெளியே அவன் நின்றது இன்பமணிக்குத் தெரியாது. ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசிப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்க்கிறாள் — வெளியே அவன் இருமினான். அவ்வளவுதான். பெட்டி விழுந்து மணல் தரையெல்லாம் சிதறிற்று.

அவன் உள்ளே வரவில்லை. நான்தான் பெருக்கினேன்.

ஜூலை 1, திங்கள்

இன்பமணி ட்ரெயினிங்குக்குப் புறப்பட்டாள். நேசையா பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு விலகி, வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டான். எனக்கு இன்னும் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"அப்பா, போயிட்டு வாரேன்" என்றாள். பைய, ஆனால் திக்காமல்.

அவனுக்கு இருமல் வந்தது. வண்டி தெருமுனை திரும்பி மறைகிறவரை வாயைப் பொத்திக்கொண்டே நின்றான்.