சக்கரம் தரையில் படாத கார்

திருத்தணி
வைகாசி 4

அன்புள்ள பாவாவுக்கு ஷாலினி எழுதுவது. நானும் நம் மகள் கவிப்பிரியாவும் உங்கள் நைனாவும் நலம். வெயில் எங்களைவிட நலம். போனில் இதையெல்லாம் பேச ஆரம்பித்தால் உங்களுக்கு உடனே டூட்டி வந்துவிடுகிறது. அதனால்தான் மஸ்கட் திரும்பும் பரந்தாமன் அண்ணனிடம் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் சொன்னபடி காரை நிறுத்தியாகிவிட்டது. கே.ஜி.கண்டிகை மெக்கானிக் தணிகைமணி வந்து டேங்கை நிரப்பி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டார். ஹேண்ட்பிரேக் போட்டபடி விட்டால் பிடித்துக்கொள்ளுமாம், அதையும் எடுத்துவிட்டார். எலிக்காக பானெட்டுக்குள் புகையிலை வைத்ததில் வாசலே பொட்டிக்கடை மாதிரி நாறுகிறது. பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வேர்த்துத் துரு ஏறும் என்றார். பொதட்டூர்பேட்டையில் லுங்கித் துணி வாங்கித் தைத்துப் போர்த்தினேன். உங்கள் கார் இப்போது கட்டம் போட்ட லுங்கியில் நிற்கிறது.

நான்கு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தச் சொல்லியிருந்தீர்கள். அதைக் கேட்டுத்தான் தணிகைமணி யோசித்தார். "ராஜீவ் அண்ணன் ஆடிக் கிருத்திகைக்கு வர்றாருன்னு சொல்லிகினு இருந்தீங்களேக்கா? ரெண்டு மாசத்துக்குப் போயி யாராவது வண்டிய ஸ்டாண்டுல ஏத்துவாங்களா? வருசக்கணக்கா நிக்கப்போற வண்டிக்குத்தான் இப்பிடிச் செய்வோம்" என்றார். சொன்னதைச் செய்யுங்கள் என்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது பாவா. நீங்கள் மறுபடி காண்டிராக்ட் போட்டதை மெக்கானிக் சொல்லியா நான் புரிந்துகொள்ள வேண்டும்?

நைனாவுக்கு வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று அரக்கோணம் டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். இவர் கேட்டால்தானே? நான் எத்தனை முறை கூப்பிட்டாலும், "எம் புள்ள வரட்டும், அவன் கூட்டிகினு போவான்" என்பதுதான் பதில். வற்புறுத்தினால் அன்றைக்குச் சாப்பாடும் வேண்டாம் என்பார்.

கார் வேலை முடிந்த அன்று மாலை கழனியிலிருந்து வந்தவர், துணியை விலக்கிக் காரைத் தடவிப் பார்த்தார். இப்போதெல்லாம் எதையும் கையால்தான் பார்க்கிறார். பின்சக்கரத்தில் கை பட்டதும் அது சும்மா சுழன்றது. இன்னொரு தரம் சுற்றிவிட்டார். அது நிற்கும்வரை காரின்மேல் வைத்த கையை எடுக்காமல் பக்கத்திலேயே நின்றார். பிறகு துணியை இழுத்து மூடினார்.

மறுநாள் காபி கொடுத்தபோது, "கண்ணாஸ்பத்திரிக்கு நீயே கூட்டிகினு போயிடும்மா" என்றார்.

வருகிற புதன்கிழமை ஆபரேஷன். கட்டுப் பிரித்ததும் முதலில் உங்கள் முகத்தைப் போனில் காட்டச் சொல்லியிருக்கிறார். அப்போது அவரிடம், இதோ வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள் பாவா. எந்த வருடம் என்று சொல்லுங்கள். அதைத் தாங்கிக்கொள்வார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தணிகை முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்
ஷாலினி