சாம்பிராணி குடித்த நீலப்பொடி

அண்ணே,

இன்று காலை ஆய்வுகூடத்தின் பழைய அலுமாரியை ஒழித்தோம். புதிதாக வந்திருக்கும் இயந்திரம் ஒன்றுக்கு இடம் வேண்டியிருந்தது. அடித்தட்டில், உடைந்த புனல்களுக்கு நடுவே, விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் கிடந்தது. இரண்டு முனையிலும் ரப்பர் அடைப்பான், உள்ளே வெளிர் நீலப் பொடி. மேலே ஒட்டியிருந்த துண்டில் என் கையெழுத்து: 'மூன்றாம் வெள்ளி'. மாணவிகள் அதைக் குப்பையில் போடப் போனார்கள். பிடுங்கிக்கொண்டேன்.

பிறகு என்ன தோன்றியதோ, மின் அடுப்பில் வைத்து ஒரு பக்க அடைப்பானைத் திறந்துவிட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும். அமிலமும் ஸ்பிரிட்டும் மணக்கிற அந்த அறையில் மெல்லச் சாம்பிராணி வாசம் எழுந்தது. "மிஸ், யாரு இங்க சாமி கும்பிடுறது?" என்று ஒரு பிள்ளை மேசைக்கடியில் எல்லாம் தேடினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணும் கொஞ்சம் கலங்கியது, அதை மறைப்பானேன். இத்தனை வருடம் கழித்தும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறதே, அண்ணே! நீங்கள் ஊதிய புகை!

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நான் மலைநாட்டில், ராகலைப் பக்கத்தில் விஞ்ஞான ஆசிரியை. விடுமுறை நாட்களில் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போய், மேற்பட்டத்துக்காக ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியின் சாரதி. வயதில் என்னைவிட மூன்றோ நான்கோதான் கூட. ஆனாலும் நான் 'அண்ணே' என்பேன், நீங்கள் 'டீச்சர்' என்பீர்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்த எனக்கு அந்த மரியாதை முதலில் கூச்சமாக இருந்தது.

என் பிரச்சினை உங்களுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. டீசல் எஞ்சின் புகையில் நைட்ரஜன் ஒக்சைடு என்று ஒரு கெட்ட வாயு வருகிறது. எஞ்சின் சூடானபிறகு அதை அழிக்க, புகைக்குழாயில் பொருத்தும் கருவி இருக்கிறது. குளிரில் ஸ்டார்ட் பண்ணும் முதல் சில நிமிடங்களுக்குத்தான் வழியில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். நான் செய்து வைத்திருந்தது செம்பு ஏற்றிய சியோலைட். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வரிசை வரிசையாக உள்ள ஒரு கல்லின் பொடி.

நீங்கள் பொடியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தீர்கள்.

"இது கொப்புள நோவுக்குத் தேயிலைக்கு அடிக்கிற மருந்து மாதிரில்ல இருக்கு?"

"அதுலயும் செம்பு, இதுலயும் செம்பு அண்ணே. இந்தக் கல்லுக்குள்ள குட்டிக் குட்டியா அறை இருக்கு. ஒவ்வொரு அறையிலயும் ஒரு செம்பு ஒக்காந்துகிட்டு, வர்ற வாயுவைப் புடிச்சு வெச்சுக்கும்."

"அப்ப லயம்னு சொல்லுங்க. பத்துக் காம்பரா லயம்."

அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் சியோலைட்டை வேறு மாதிரி விளக்கியதில்லை. லயக் காம்பராவைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கும் லயத்தைப் படம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

பல்கலைக்கழகத்தில், உலர்ந்த சுத்தமான வாயுவில், பொடி அழகாக வேலை செய்தது. என் பேராசிரியருக்கு அது போதவில்லை. மெய்யான ஒரு எஞ்சினில், மெய்யான குளிரில், ஒரு தடவையாவது வேலை செய்ய வேண்டும், இந்தக் கல்வித் தவணை முடிவதற்குள் முடியாவிட்டால் ஆராய்ச்சியை இதோடு மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டார். குளிருக்கு ராகலையில் பஞ்சமா? எஞ்சின்தான் வேண்டியிருந்தது. நீங்கள்தான் தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவிடம் போய் நின்றீர்கள். "நம்ம லயத்துப் புள்ளைங்கய்யா, பொறுப்பு நானு" என்று நீங்கள் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமைதான் தோது. மற்ற நாட்களில் லொறி விடியுமுன்பே விறகு ஏற்றப் போய்விடும். வெள்ளிக்கிழமை மட்டும் பூசை முடிந்து எட்டு மணிக்குத்தான் கிளம்பும். எனக்கும் அன்று முதல் இரண்டு பாடம் இல்லை. வியாழன் மாலையே லொறிக் கொட்டகைக்கு வந்து, பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயைச் சைலென்சரோடு ஒட்டிக் கம்பியால் கட்டி, முனைகளைப் பஞ்சால் அடைத்துவிட்டுப் போவேன். மறுநாள் வந்து, புகையில் ஒரு பங்கு அந்தப் பொடிக்குள் நுழைந்து, பிறகு ஒரு குப்பியில் உள்ள கரைசலுக்குள் போகும்படி இணைப்பேன். பொடி பிடித்துக்கொண்டால் கரைசல் தெளிவாகவே இருக்கும். தப்பவிட்டால் ரோஸ் நிறமாகும்.

முதல் வெள்ளி ஒரு நிமிடத்தில் ரோஸ். இரண்டாம் வெள்ளி அதைவிட வேகமாக ரோஸ். புதுப் பொடி, புது இணைப்பு, எல்லாம் மாற்றியும் மூன்றாம் வெள்ளி நீங்கள் எஞ்சினைத் தொட்டதும் தொடாததுமாகக் கரைசல் சிவந்துவிட்டது. குப்பியை அப்படியே வைத்துவிட்டு, கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். நான்கு வருட வேலை. நீங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தீர்கள்.

"நல்ல கலருதானுங்க டீச்சர். ரோசாப்பூவு மாதிரி."

"பேசாம இருங்கண்ணே!"

அடுத்த வெள்ளிக்கு என்ன செய்யலாம் என்று உங்கள் மனதில் அப்போதே ஒரு திட்டம் ஓடியிருக்கிறது. அது தெரிந்திருந்தால் அன்றைக்கே உங்கள் காலில் விழுந்து தடுத்திருப்பேன்.

புதுப் பொடி தீர்ந்துவிட்டது. இரண்டாம் வெள்ளியின் பொடியைச் சூடாக்கிச் சுத்தப்படுத்திப் பார்ப்போம் என்று, செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்து மனையியல் அறையில் கேக் சுடும் அடுப்பில் வைத்தேன். சூடாக்கினால் அது பிடித்து வைத்திருக்கும் எல்லாவற்றையும் விட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கச் சாம்பிராணி. பக்கத்து வகுப்பில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். அங்கே கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து அடுப்பைத் திறந்தேன். முகத்தில் அறைந்தது போல வாசம்.

பள்ளிக்கூடம் விட்டதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி வந்தேன். நீங்கள் லொறிச் சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணே, என் குழாயை என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்களே."

"சாம்பிராணி வாசம் வருது."

நீங்கள் நிமிர்ந்தீர்கள். முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை. பெருமைதான் இருந்தது.

"அதுங்களா! வெள்ளிக்கிழம வண்டிக்குக் காட்டுறப்ப அதுக்கும் சேத்துத்தானுங்க காட்டுறேன். வண்டியில மாட்டியிருக்குல்ல, அப்ப அதுவும் வண்டிதானே. மொத வாரம் சும்மா மேலாக்கக் காட்டுனேன். நீங்க மூஞ்சத் தொங்கப் போட்டுகிட்டுப் போனீங்க. சரி, உள்ளயும் போவட்டும்னு ரெண்டாம் வாரம் பஞ்ச எடுத்துட்டு ஊதிவிட்டேன். மூணாவது வாரம் மூணு சுத்துக் கூடவே காட்டிப்புட்டு நல்லா விசிறியும் விட்டேன். இந்த வெள்ளிக்கு ஹட்டன்ல இருந்து ஒசத்தியான சாம்பிராணி சொல்லி விட்டிருக்கேன், கவலப்படாதீங்க."

நான் உங்களைத் திட்டத்தான் வந்தேன். நாலு வார்த்தை வாயில் தயாராக இருந்தது. அந்த 'கவலப்படாதீங்க' என்ற சொல்லில் எல்லாம் போய்விட்டது. காற்றடிக்கும் பம்பின் மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். நான் தோற்கத் தோற்க நீங்கள் அதிகம் வேண்டியிருக்கிறீர்கள். நீங்கள் அதிகம் வேண்ட வேண்ட நான் அதிகம் தோற்றிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "அடக் கடவுளே! அப்ப எஞ்சின் பொக வர்றதுக்கு முன்னாடியே சாமி பொக காம்பராவுல குடி வந்துருச்சா?"

"ஒரு காம்பரா மிச்சமில்ல அண்ணே."

தவணையில் ஒரே ஒரு வெள்ளி மீதி இருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் பூசை வேண்டாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே கீழே போகிற வளைவுப் பாதையைக் காட்டினீர்கள்.

"கொழுந்து ஏத்திகிட்டு, பனியில, இந்த ரோட்டுல நான் எறங்குறது என் கையால மட்டும் இல்லீங்க டீச்சர்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. மூடிய கொட்டகைக்குள் பூசை நடந்தால் ஒரு மணி நேரத்துக்குப் புகை சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டியை வெளியே எடுத்தால் எஞ்சின் சூடாகிவிடும். கடைசியில் நீங்கள்தான் சொன்னீர்கள்: "வண்டிய ஸ்டார்ட் பண்ணித்தான் வெளிய எடுக்கணும்னு யாருங்க சொன்னா?"

அந்தக் கடைசி வெள்ளியை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகம் பிறக்கிறது. பூசை குறைவில்லாமல் நடந்தது. சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், ஹட்டன் சாம்பிராணி, எல்லாம். நான் கேக் அடுப்பில் இருந்து எடுத்த குழாயைச் சூடு ஆறுமுன்பே இறுக அடைத்து, தேயிலை கட்டும் ஈயத்தாளில் சுற்றி, மேலே பாதையோரத்தில் நின்றேன். நீங்கள் விறகுக்காரர்கள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு லொறியைக் கொட்டகையில் இருந்து வெளியே தள்ளினீர்கள். டீமேக்கர் ஐயா அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்?

"என்னப்பா, லொறி பழுதா?"

"இல்லீங்கய்யா, நல்லாருக்கு. அதான் தள்ளுறோம்."

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார்.

வெளியே நல்ல காற்று. மூடுபனி தேயிலை மேல் படுத்திருந்தது. குழாயை மாட்டினேன், கையைக் காட்டினேன், நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். லொறி இருமிக்கொண்டு கரும்புகை கக்கியது. ஒரு நிமிடம், கரைசல் தெளிவு. இரண்டு நிமிடம், தெளிவு. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நிமிடத்துக்கு ஒரு தடவை சத்தமாக எண்ணினீர்கள். எட்டு என்றபோது விறகுக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். குப்பியில் இருந்தது வெறும் தண்ணீர் போலவே இருந்தது.

பதினோராவது நிமிடத்தில் சைலென்சர் கை வைக்க முடியாத சூடு. கரைசல் மெல்ல ரோஸ் நிறமாகத் தொடங்கியது. "ஐயையோ, போச்சே!" என்று நீங்கள் கதவைத் திறந்துகொண்டு குதித்தீர்கள். நானோ பாதையில் நின்று ஆடிக்கொண்டிருந்தேன்.

"போகலண்ணே! இப்பத்தான் விடணும்! குளிருல புடிச்சு வெச்சுகிட்டு, சூடான பொறகு விடணும். அடுத்தாப்புல இருக்கிற கருவி அதை அழிச்சிரும். அதுக்குத்தானே இவ்வளவும்!"

நீங்கள் குப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். பிறகு விறகுக்காரர்கள் பக்கம் திரும்பி, ஏதோ நீங்களே கண்டுபிடித்தது போல விளக்கினீர்கள்: "குளிருல புடிச்சுக்கணும், சூடான பொறகு விட்டுறணும். வெளங்குச்சா?" அவர்களும் தலையாட்டினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சாம்பிராணிக் கதையை ஒளிக்காமல் ஆய்வேட்டில் எழுதினேன். வாய்மொழிப் பரீட்சையில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எரியாத டீசல் ஆவியும் இதேபோல முன்கூட்டியே வந்து அறைகளைப் பிடித்துக்கொள்ளும், சுத்தமான வாயுவில் மட்டும் பரிசோதிக்கிறவனுக்கு அது ஒருநாளும் தெரியாது. உங்கள் மூன்று சுற்றால்தான் எனக்கு அது தெரிந்தது. பட்டம் வாங்கி வந்து இதை உங்களிடம் சொன்னேன். "அப்ப இன்னும் கொஞ்சம் ஊதியிருக்கலாம் போல" என்றீர்கள்.

நீங்கள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பாமல் போய் ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்கு உங்கள் வாசலிலும் சாம்பிராணிதான். எல்லோரும் அழும்போது எனக்கு மட்டும் லொறியைத் தள்ளிய காலை நினைவுக்கு வந்து, அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். அண்ணி என்னை முறைத்தார்கள். பிறகு காரணத்தைச் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

இப்போது என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பரிசோதனை தோற்றால், நீ என்ன பிழை விட்டாய் என்று நான் கேட்பதில்லை. இதற்கு யாராவது நல்லது செய்தார்களா என்று கேட்கிறேன். குழம்பிப்போய்ப் பார்க்கிறார்கள். கொஞ்சம் யோசித்தால் யாராவது இருப்பார்கள். மேசையைத் துடைத்தவர், குப்பியை அன்பாகக் கழுவி வைத்தவர், ஜன்னலை மூடிவிட்டவர். கோபப்பட முடியாது. எனக்கு முடிவதில்லை, உங்களால்.

குழாயை முழுக்கச் சூடாக்கவில்லை அண்ணே. பாதியில் எடுத்து அடைத்துவிட்டேன். மிச்சம் உள்ளே இருக்கட்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. புது இயந்திரத்தைப் பிற்பகலில்தான் முதல் தடவை இயக்கினோம். பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பிச் சாம்பிராணி வாங்கிவரச் சொன்னபோது மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஞ்ஞான ஆசிரியைக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, பொடிப் போத்தல்களை எல்லாம் இறுக மூடி, ஈயத்தாளில் சுற்றி, அடுத்த அறையில் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு இயந்திரத்துக்கு நன்றாகக் காட்டினேன்.

மூன்று சுற்றுக் கூடவே.