முன்சீட்டில் உட்கார்ந்த அரிவாள்

அண்ணே,

பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் முதலில் வந்தது எலுமிச்சை வாடைதான். அரிவாள் நுனியில் நீ குத்தி வைத்த பழம் கறுத்துச் சுருங்கி ஒரு கொட்டை போல ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் போலீஸ் நிலையத்து அலமாரியில் கிடந்தும் அதன் புளிப்பு போகவில்லை. உன் வழக்கு முடிந்துவிட்டதாம். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை, பொருளை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. நீயும் இல்லை. நான்தான் போய் வாங்கி வந்தேன். நம் குடும்பத்தில் முனியாண்டி அரிவாளைத் தொட்ட முதல் பெண் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதன் கதையை வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் நீ சொல்லியிருக்கிறாய். அண்ணியைப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னாய். பூட்டன், ரப்பர் தோட்டத்து லோரியின் உடைந்த வில்பட்டையைக் காய்ச்சி அடித்து இதைச் செய்தார். இருட்டோடு பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்குத் துணையாக, நாம் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் கீழே முனியாண்டிக்கு நட்டார். தாத்தா தமக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அதில் ஒரு வெண்கல மணி கட்டினார். அதுவே வழக்கமாகிவிட்டது. தலைப்பிள்ளை பிறந்தால் தகப்பன் முனியாண்டி முன்னால் ஒரு மணி கட்ட வேண்டும். நீ பிறந்தபோது அப்பா கட்டியது சின்ன மணி, ஆனால் அதுதான் அதிகம் சத்தம் போடும்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயத்தை இடித்து நம்மை ஜெலாப்பாங் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். கோயில் என்று அங்கே மிஞ்சியது ஒரு கல்லும் ஒரு மரமும். அரிவாளை அப்பா தூக்கி வந்தார். பிடி அலமாரிக்குள் நுழையவில்லை என்று பாதியை அறுத்தார், அறுத்த இடம் தெரியாமலிருக்கப் பித்தளைப் பூண் போட்டார். சாமியையும் வீட்டு அளவுக்கு வெட்டிவிட்டார்கள் என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு தலைமுறை வியர்வை விழுந்த மண்ணில் கால் வைக்க, இன்று கேட்டில் நிற்கும் காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

உனக்கு மகள் பிறந்தாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு மணி, அடுத்தது பையனாகப் பிறந்தால் பார்க்கலாம் என்று சித்தப்பா சொன்னார். "புள்ளைன்னா புள்ளதான் சித்தப்பா" என்று மட்டும் நீ சொன்னாய். லோரி ஓட்டும் வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மணி வாங்கி வந்தாய்.

அதைக் கட்டப் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு அன்று காலை கிளம்பும்போது சேவலைப் பெட்டியில் அடைத்துக் காரின் பின்பக்கம் வைத்தோம். சுருட்டும் ஸ்டவுட் பீர் போத்தலும் பூவும் என் மடியில். அரிவாளையும் பின்னால் வைத்துவிடு என்றேன்.

"சாமிய ஸ்பேர் டயர் பக்கத்துல படுக்க வைக்கச் சொல்றியா? நீ பின்னாடி ஏறு லா. சாமி முன்னாடி."

சிவப்புத் துணியைச் சுற்றி, முன்சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, சீட் பெல்ட்டும் மாட்டினாய். நான் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினேன். கார் குழியில் விழும்போதெல்லாம் மணிகள் குலுங்கின. வயதானவர் ஒருவர் முனகுவதற்குப் பதில் சொல்வது போல, "சரி, சரி, மெதுவாத்தான் போறேன்" என்றாய்.

அந்த மரியாதைதான் உன்னைப் பிடித்துக் கொடுத்தது. ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் கிடந்திருந்தால் அது பூசைச் சாமான். ஓட்டுகிறவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததால் ஆயுதம் ஆகிவிட்டது.

லூமுட் போகும் சாலையில் போலீஸ் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஓர் இளம் போலீஸ்காரர் துணியை விலக்கித் தூக்கினார். மணிகள் ஒலித்தன. பின்னால் சேவல் கூவியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். பூட்டனிலிருந்து ஆரம்பித்து மலாயில் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாய். பிறகு மேலதிகாரி வந்தார். உன் கையில் பச்சை குத்தியிருந்த வேலாயுதத்தைப் பார்த்தார், காதுக் கடுக்கனைப் பார்த்தார், என் மடியில் இருந்த போத்தலைப் பார்த்தார். எந்தக் கும்பல் என்று கேட்டார். வெட்டப் போகிறவன் அரிவாளில் மணி கட்டிக்கொண்டா போவான் என்று நான் கேட்டேன். வாயை மூடு என்றார். அவர்கள் வண்டியில் உன்னை ஏற்றும்போது நீயும் என்னைத்தான் அடக்கினாய்.

"பேசாத. அம்மாகிட்ட மெதுவா சொல்லு. நான் சாயங்காலம் வந்துருவேன்."

சாயங்காலம் நீ வரவில்லை. உனக்கு மூச்சிழுப்பு உண்டென்று சொல்லிப் புது இன்ஹேலர் வாங்கிப் போய் நிலையத்துக் கவுண்டரில் கொடுத்தேன். சரி என்று வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார்கள். அதே வாரத்தில் உன் உடம்பை எங்களிடம் கொடுத்தார்கள். இயற்கை மரணம் என்று சொன்னார்கள். உன் உடுப்பு, செருப்பு, சட்டைப்பையில் இருந்த மணி, எல்லாம் ஒரு பையில் வந்தன. இன்ஹேலரும் வந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த முத்திரை கிழியவே இல்லை.

போலீஸைவிட நம் ஆட்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். உன் காரியத்துக்கு வந்த சித்தப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், "நல்ல பையன்தான். ஆனா பாராங்கோட ஏன் சுத்தணும் லா?" வருசா வருசம் அதன் முன்னால் விழுந்து கும்பிட்ட மனிதர். வெட்டுக்கத்திக்கான அந்த ஒரு மலாய் வார்த்தை பத்திரிகையில் வந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. உன் மகள் பள்ளிக்குப் போகும்போதும் அந்த வார்த்தை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

அரிவாளைக் கொண்டு வந்ததும் அம்மா மஞ்சள் தண்ணீர் கலந்து வைத்தார். தீட்டுப் பட்டதாம், கழுவிவிட்டு ஒரேயடியாகத் தொலைத்துவிட வேண்டுமாம். "என் புள்ளைய தின்னுடுச்சு. ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் கொண்டுபோய் ஆத்துல போட்டுட்டு வா."

உன் சாவைப் பற்றி விசாரணை வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள் அண்ணே. அண்ணியும் நானும் அலையாத இடமில்லை. அரிவாளில் ஒன்றையும் தொடக்கூடாது, எலுமிச்சை, சிவப்புக் கயிறு, மணி எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நீ எதைக் கொண்டு போனாய் என்பதற்கு அதுதான் சாட்சி. கழுவினால் அது வெறும் இரும்பு. ஆற்றில் போட்டால் பத்திரிகைக்காரன் எழுதியதே மிஞ்சும்.

"அது தின்னலம்மா. யாரு தின்னாங்கன்னு கேக்கத்தான் போறேன்" என்றேன்.

"கேட்டா வந்துருவானா?"

அண்ணி மஞ்சள் தண்ணீர் வாளியைத் தூக்கிப்போய்க் குளியலறையில் கொட்டினார். உன் மணியையும் கட்டவில்லை. கட்டினால் பிறகு சேர்த்தது என்பார்கள். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நாளைக் காலை விசாரணை. தன் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்வதாக வக்கீல் சொன்னார். வேண்டாம், நானே கொண்டு வருகிறேன் என்றேன். உறையோடு, துணி சுற்றாமல், எல்லோரும் பார்க்கும்படி இரண்டு கையிலும் ஏந்தி வருவேன். நீதிமன்ற வாசலில் நிறுத்துவார்கள். யாருடையது என்று கேட்பார்கள். சாமியுடையது என்று சொல்லப் போவதில்லை. செத்துப்போன அண்ணனுடையது என்றும் சொல்லப் போவதில்லை. "சாயா புன்யா" என்பேன், என்னுடையது என்று. அப்புறம் என் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும்.