தின்னது மேலுக்கு ஒட்டலீங்க

இன்று பள்ளியில் விளையாட்டு விழா. ஓடி முடித்த பிள்ளைகளின் உள்ளங்கையில் குளுக்கோஸ் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என்னிடமும் கொஞ்சம் நீட்டினார்கள். நாக்கில் பட்டதும் அந்த இனிப்புச் சில்லிப்பு. சுவரோரம் போய்த் துப்பிவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். "ஏனுங்க சார், மேலுக்கு முடியலீங்களா?" என்று பி.டி. மாஸ்டர் கேட்டார். வெயில் என்று சொல்லி வைத்தேன்.

மேலுக்குத்தான் முடியவில்லை. நீ போன பிறகு பசிக்கிறது, சாப்பிடுகிறேன், மூன்று மாடிப்படி ஏறுவதற்குள் சலித்துவிடுகிறது.

நீ குமாரபாளையத்தில் தறி ஓட்டியவள்; நான் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவன். கல்யாணமான புதிதில் மறுநாள் பாடத்தை உன்னிடம்தான் ஒப்பித்துப் பார்ப்பேன். தின்ற சோறு செல்லுக்குள் எரிந்துதான் தெம்பு வருகிறது என்றதும் நீ சிரித்துவிட்டாய்.

"அடுப்பாட்ட எரிஞ்சா நாம வெந்துல்ல போயிருவோம்!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சோறு சர்க்கரையாகிச் செல்லுக்குள் போகும், அங்கே முதலில் இரண்டாக உடையும், பிறகு மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குள் நுழைந்து, மூச்சில் வந்த ஆக்சிஜன் துணையோடு படிப்படியாகச் சிதையும், ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிப்படும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நீ சற்று யோசித்தாய்.

"அதைய அப்படிச் சொல்லோணுமுங்க. தார்க்குழல்ல சுத்துன நூலை ஒரே இழுப்புல உருவுனா சிக்குத்தான் மிஞ்சும். தறியில நாடாக்கட்டை குறுக்க போக வர, நூலு கொஞ்சங் கொஞ்சமா வந்தாத்தான் துணி."

அன்று முதல் வகுப்பில் உன் சரக்கைத்தான் விற்கிறேன். சார் நல்லா நடத்துறார் என்று எனக்குப் பெயர்.

போன கோடையில் நீ இளைக்கத் தொடங்கினாய். "ரெண்டாள் சோறு திங்கறனுங்க, தின்னது மேலுக்கு ஒட்டலீங்க. எந்நேரமும் தண்ணி தவிக்குது" என்றாய். நம் பக்கத்தில் தெம்பில்லை என்றால் யார் வாயிலும் முதலில் வருவது குளுக்கோஸ்தானே. நானும் டப்பா டப்பாவாக வாங்கி வந்து, தினம் மூன்று வேளை, என் கையாலேயே கரைத்துக் கொடுத்தேன். நீயும் மடமடவென்று குடித்தாய்.

இன்சுலின் இல்லையென்றால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடினாலும் செல்லுக்குள் போகாது. பானை நிறையச் சோறு இருந்தும் செல் பட்டினி கிடக்கும். தாகம், இளைப்பு, களைப்பு என்று சர்க்கரை நோயின் அறிகுறிகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவனும் நானேதான். என் படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும்.

ஒரு காலை நீ வாசலிலேயே சுருண்டு விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்காங்க? நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் நீ மூச்சிரைக்க முந்திக்கொண்டாய். "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க டாக்டர். நாந்தான் சொல்லாம உட்டுட்டேன்."

நீ சொல்லாத நாளே இல்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனாலும் நான் மறுக்கவில்லை. டாக்டருக்குத் தலையை வேறு ஆட்டினேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இப்போதும் துக்கம் கேட்க வருகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயத் தொறந்து ஒரு வார்த்தை உங்ககிட்டச் சொல்லியிருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்குமுங்க" என்கிறார்கள்.

"ஆமாங்க" என்கிறேன்.