வந்தவரிடம் பீற்றிக்கொண்டது

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? நானும் பேத்தியும் சுகம். கேன்டீனில் காய் நறுக்குவதும் எனக்குப் பழகிவிட்டது.

நேற்று அவள் இல்லாதபோது ஒருவர் வந்தார். அவளோடு வேலை செய்பவர் என்று நினைத்து, "என் பேத்தி கெட்டிக்காரி, கம்மிச் சம்பளத்துலயும் படிக்கறதுக்குன்னு பணம் சேர்த்து வச்சிருக்கா" என்று பீற்றிக்கொண்டேன். அவர் கடன் வசூலிக்க வந்தவராம். கையில் காசே இல்லை என்று சொல்லித்தான் அவரிடம் தவணை கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்து, அவள் சேர்த்ததையெல்லாம் வாங்கிப் போய்விட்டார்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் பாட்டி. அதையும் தவணையிலதான் வாங்கணும்" என்று சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உங்கள் பழைய துண்டு ஒன்றை அனுப்புங்கள். இங்கேயும் துண்டு கிடைக்கும், இருந்தாலும் அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. யாராவது பேத்தியைப் பற்றிக் கேட்டால், "ஏதோ ஓடுது" என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி